டிபி, எச்ஐவி மருந்து குடுக்கிற மெடிக்கல்காரங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்பயரி பாக்காம குடுக்கிறது, பில் மாத்திப் போடுறது எல்லாம் ஓனரே பாத்து திருத்திருவாரு, அத விடுங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கவுண்டர்ல புதுசா நிக்கிற பிள்ளைங்க திரும்பத் திரும்ப செய்யுறத மட்டும் சொல்லுதேன்.

ரெண்டாவது மாத்திரைய வெட்டுறது

இத நெனச்சா இன்னும் ஆத்திரமா வருது. குளச்சல் பக்கம் ஒருத்தருக்கு டிபியும் எச்ஐவியும் சேந்தே இருந்துச்சு, பிரைவேட்ல பாக்குறாரு. சீட்டுல ராத்திரிக்கு டிஎல்டி (மூணு எச்ஐவி மருந்து சேந்த ஒரே மாத்திரை) ஒண்ணு, காலைல டோலுடெக்ராவிர்ங்கிற எச்ஐவி மருந்து 50 மில்லிகிராம் தனியா ஒண்ணு. கடைப்பையனுக்கு டிஎல்டிக்குள்ளயே டோலுடெக்ராவிர் இருக்குன்னு தெரியும், அதனால "அண்ணே, ஒரே மருந்த ரெண்டு தடவ எழுதிட்டாங்க, ஒண்ணு போதும், காசு மிச்சம்"னு சொல்லி அனுப்பிட்டான், அவரும் நம்பிப் போயிட்டாரு, அடுத்த தடவ டாக்டர் ஸ்ட்ரிப்ப காட்டச் சொன்னப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு.

டிபி மருந்துல இருக்க ரிஃபாம்பிசின், ஈரல் மத்த மருந்தக் கரைக்கிற வேகத்தக் கூட்டிரும். டோலுடெக்ராவிர் ரத்தத்துல தேவையான அளவு நிக்காது, அதுக்குத்தான் 12 மணி நேரம் இடைவெளி விட்டு இன்னொரு 50. அளவு கொறஞ்சா வைரஸ் மருந்துக்கு அடங்காமப் போயிரும், அப்புறம் வேற மருந்துக்கு அலையணும். டிபி மருந்து முடிஞ்ச அன்னைக்கே இந்த ரெண்டாவது மாத்திரைய நிறுத்தவும் கூடாது, ரெண்டு வாரம் கூட போகணும், ரிஃபாம்பிசினோட வேகம் அடங்க அவ்ளோ நாளாகும். சந்தேகமா இருந்தா டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, சீட்ட நீங்களா திருத்தாதீங்க!

கால்சியம், அயர்ன், ஜெலுசில்

இதெல்லாம் டோலுடெக்ராவிர் போட்டு 2 மணி நேரம் கழிச்சு சாப்பிடச் சொல்லுங்க. கால்சியம், அயர்ன வெறும் வயித்துல சேத்துப் போட்டாலும், ஜெலுசில எப்ப சேத்துப் போட்டாலும் மருந்து உடம்புல சரியா ஏறாது.

தங்குகடல் போறவங்க

தூத்தூர், வள்ளவிளை ஆளுங்க ஆழ்கடலுக்குப் போனா கரைக்கு வர வாரக்கணக்காகும். அடுத்த வாரம் வாங்கன்னு ஒரு வார மாத்திரைய எண்ணிக் குடுத்தா நடுக்கடல்ல என்ன செய்வாங்க? என்னைக்கு போட் ஏறுறீங்கன்னு மொதல்ல கேளுங்க, டிபி யூனிட்டுல சொல்லி திரும்பி வர்ற வரைக்கும் தேவையானத வாங்கிக் குடுங்க. ஸ்ட்ரிப்ப பிரிக்காம மூடி போட்ட டப்பால வைக்கச் சொல்லுங்க, உப்புக்காத்துல உதிரி மாத்திரை நமுத்துரும்.

சத்தமா நோய் பேர் சொல்றது

கூடாது. 2017 எச்ஐவி சட்டமே இருக்கு.

எச்1 ரிஜிஸ்டர்

டிபி மருந்து மாதிரி ஷெட்யூல் எச்1 மருந்து வித்தா அந்த விவரத்த இந்த நோட்டுல எழுதுங்க, 3 வருசம் வைங்க.

மூத்திரம் செவப்பா போகும்னு சொல்லாம விடுறது

ரிஃபாம்பிசினால ஆரஞ்சா, செவப்பாதான் போகும். மொத நாளே சொல்லலன்னா ரத்தம்னு பயந்து மருந்தையே நிறுத்திருவாங்க. ஆனா கண்ணு மஞ்சளாகி, சோறு எறங்காம வாந்தியும் வந்தா அது வேற, அன்னைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.