மாதிரி ரயில் பாதை: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ரயில் அமைப்பவர்கள் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். தண்டவாளத்தை மட்டும் கிடைத்தபடி வாங்கிவிடுகிறார்கள். எஞ்சினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஜல்லி ஒட்டிய பாதையைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் அகலத்தில் தொடங்குகிறது. பலரும் வாங்கும் ஹெச்ஓ அளவு 1:87, அதாவது மாதிரி அசல் ரயிலில் 87-இல் ஒரு பங்கு. அதன் பாதை அகலம் 16.5 மி.மீ. வெளிநாடுகளில் பரவலாக உள்ள 1435 மி.மீ. பாதைக்குரிய கணக்கு அது. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், 16.5-க்குத்தான் எஞ்சினும் பெட்டியும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல் வழியாக ஓடிய பழைய மீட்டர் கேஜ் வண்டியைச் செய்ய ஆசைப்படுகிறவர் இதை வாங்கவே கூடாது. மீட்டர் கேஜுக்கு 11.5 மி.மீ. வரும், ஸ்விட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாதிரிகளுக்காக விற்கும் 12 மி.மீ. பாதைதான் ஏறக்குறையப் பொருந்தும். டிடி அளவுப் பாதையும் 12 மி.மீ.தானே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அது 1:120-க்கு உரியது; ஸ்லீப்பர் கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை. பார்த்ததும் பொய் தெரிந்துவிடும்.

வளைவில் செய்யும் சிக்கனம் எனக்குப் பெரிய வருத்தம். பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் 18 அங்குல ஆரத்துக்கு மேல் போக இடமில்லை என்றால் புரிகிறது. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் வீட்டை வைத்துக்கொண்டு, வாங்கிய செட்டோடு வந்த இறுக்கமான வளைவையே ஏன் போட வேண்டும்? சென்னை ஐசிஎஃப் ஆலையின் பயணிகள் பெட்டி ஏறத்தாழ 21.3 மீட்டர், மாதிரியில் 245 மி.மீ. வளைவின் ஆரம் அதைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 73.5 செ.மீ. இருந்தால்தான் பெட்டிகள் அழகாகத் திரும்பும். இடப்பக்க வளைவை வலப்பக்க வளைவோடு நேரடியாகச் சேர்க்காமல், நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை விடுங்கள்.

வளவில், அதாவது வீட்டு நடு முற்றப் பகுதியில், வெயில் விழும் இடமும் சாரல் அடிக்கும் இடமும் வேண்டாம். பத்து மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். இணைப்புகளை இடைவெளியின்றி நெருக்கியிருந்தால் பாதை நெளிந்துவிடும். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி தேவை. எல்லா இணைப்பையும் சாலிடர் வைத்து மூடவும் கூடாது. மின்சாரத்துக்கு இணைப்புத் தகடுகளை நம்பாமல், ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனி ஒயர் கொடுங்கள். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும், தவிர்த்துவிடுங்கள்.

ஜல்லிக்கு நம் ஊர்ச் செம்மண் சரளையைச் சலித்துப் போடுகிறார்கள். நிறம் அருமை. ஆனால் அதில் இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், பற்சக்கரம் கெடும். காகிதத்தில் பரப்பி, வலுவான காந்தத்தை மேலே ஓட்டி, ஒட்டுவதை நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள். வண்டி தடம் மாறும் இடமான பாயிண்டின் அசையும் நாக்குகளுக்கு அருகே ஜல்லியைக் குறையுங்கள். அங்கே பசை ஒரு துளி கசிந்தாலும் பாயிண்ட் திரும்பாது.