கணினியின் சூட்டில் வீட்டைக் கதகதப்பாக்க நினைப்போர் செய்யும் தவறுகள்

குளிர்நாட்டில் வசிப்பவர், மேசைக்கு அடியில் ஓடும் கணினியின் பின்புறம் கையை நீட்டி அந்த வெதுவெதுப்பை உணர்ந்ததும், இவ்வளவு சூடு வீணாகிறதே என்று எண்ணத் தொடங்குகிறார். முதல் தவறு அந்த எண்ணத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தச் சூடு வீணாவதில்லை. கணினி இழுக்கும் 400 வாட் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகி அறைக்குள்ளேயே தங்குகிறது. 400 வாட் மின்சார ஹீட்டர் தருவதும் அதே அளவுதான்.

ஆகவே, வேறு வேலை எதுவுமின்றிச் சூட்டுக்காக மட்டுமே கணினியை ஓட்டுவதில் மிச்சம் ஏதும் இல்லை. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பத்தைத் தந்துவிடும். கடுங்குளிரில் அது குறையும். இங்கிலாந்தில் எக்ஸ்மவுத் நகரின் பொது நீச்சல் குளத்தை, 2023இல் டீப் கிரீன் என்ற நிறுவனம் எண்ணெயில் மூழ்கிய கணினிகளின் சூட்டைக் கொண்டு வெதுவெதுப்பாக்கியது. அது கட்டுப்படியாவதற்குக் காரணம், அந்தக் கணினிகள் செய்யும் வேலைக்குக் காசு கொடுப்போர் தனியே இருப்பதுதான்.

கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையில் 750 வாட் என்று அச்சிட்டிருப்பதை வெப்ப அளவாகக் கொள்வதும் பிழை. அது தரக்கூடிய உச்சம் மட்டுமே; உண்மையில் இழுக்கும் அளவை பிளக்கில் செருகும் வாட் மீட்டரே காட்டும். சிப் 90 டிகிரியைத் தொட்டது என்பதும் அறைக்கு எதையும் சொல்லாது. ஒரு டம்ளர் கொதிநீரும் சூடானதுதான், அதனால் அறை சூடாகிவிடுமா என்ன?

சூடு தப்பிவிடக் கூடாதென்று கணினியை அலமாரியில் வைத்து அடைப்பவர்களும் உண்டு. உள்ளே காற்றோட்டம் நின்றதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும், கடைசியில் சூடும் குறையும். வீட்டின் வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு அருகில் கணினியை வைத்தால் வேறு வகையில் சிக்கல்: வீடே சூடாகிவிட்டதென்று ஏமாந்து அது ஹீட்டரை நிறுத்திவிட, படுக்கையறையில் இருப்போர் நடுங்குவார்கள்.

பிட்காயின் என்ற மின்னணுப் பணத்தை ஈட்டுவதற்காகவே ஓயாமல் கணக்குப் போடும் கணினியான மைனரைப் பழையதாக வாங்கிச் சூட்டுக்கு வைப்போர் இரைச்சலைப் பிறகுதான் உணர்கிறார்கள். வாக்குவம் கிளீனரை இரவும் பகலும் ஓடவிட்டதற்கு ஒப்பானது அது. வட அமெரிக்க வீடுகளில் வழக்கமான 120 வோல்ட், 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ச்சியாக 1,440 வாட்டுக்கு மேல் இழுக்கலாகாது. பெரிய மைனருக்கு எக்ஸ்டென்ஷன் கார்டைக் கொடுப்பது தீ விபத்துக்கே வழிவகுக்கும்.

அங்கே கோடையான ஜூலை மாதத்தை மறந்துவிடுவது இன்னொரு தவறு. அப்போதும் அதே 400 வாட் அறைக்குள் இறங்கும். அதை வெளியே தள்ள ஏசிக்கும் தனியே மின்கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.