பரிசு விழுந்ததாக மெயில் வந்தால்

வாங்காத லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழாது. அது தெரிந்தவர்களும் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ‘25 லட்சம்’ என்று பிடிஎஃப் வந்தால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறார்கள்.

ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி முழு முகவரியைப் பாருங்கள். வங்கி பெயரில் வந்த மெயிலுக்கு ‘ரிப்ளை-டு’ (பதில் போய்ச் சேரும் முகவரி) வரியில் யாரோ ஒருவரின் ஜிமெயில் முகவரி இருந்தால் மோசடிதான், மேலே படிக்க வேண்டாம்.

பணம் கறப்பது ‘பிராசசிங் கட்டணம்’ வழியாக. முதலில் சில ஆயிரம் கேட்பார்கள். கட்டியதும் ஜிஎஸ்டி, கஸ்டம்ஸ், என்ஓசி (தடையில்லாச் சான்று) என்று நீளும். நிஜமான லாட்டரிப் பரிசில் 30 சதவீத வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். முன்பணமாக உங்களிடம் கேட்க மாட்டார். வெளிநாட்டு லாட்டரி என்றால் பேச்சே இல்லை: அதில் கலந்துகொள்ள இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதே ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி தடை.

‘வேண்டாம்’ என்றுகூடப் பதில் போடாதீர்கள். முகவரி புழக்கத்தில் இருப்பது தெரிந்துவிடும். ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ போதும். ஆதார், பாஸ்புக் நகல் அனுப்பவே கூடாது.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், பரிவர்த்தனையின் யுடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கான அடையாள எண்) கையில் இருக்கட்டும். அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். வங்கிக்கும் அப்போதே தகவல் கொடுங்கள்.