ஆரத்தி தண்ணிய வச்சு வீட்லயே டைட்ரேஷன்

அமிலமும் காரமும் சேந்தா உப்பும் தண்ணியும், நடுநிலையாக்கல்னா பசங்க மனப்பாடமா வச்சிருக்குறது இந்த ஒரு வரிதான். மஞ்சளும் சுண்ணாம்பும் இருந்தா லேப்ல பியூரெட்ங்கிற அளவுக் குழாய வச்சு பண்ற டைட்ரேஷன, அதாவது ஒரு காரத்த நடுநிலையாக்க எவ்ளோ அமிலம் வேணும்னு சொட்டு சொட்டா விட்டு அளக்குறத, வீட்லயே பண்ணிடலாம்.

வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு கால் ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணில கலக்கி, மூடி, ராத்திரி அப்படியே விட்ருங்க. காலைல மேல தெளிஞ்சத மட்டும் அலுங்காம எடுக்கணும், அடில இருக்குற வெள்ளை துளிகூட வரக்கூடாது. பாக்க சாதா தண்ணி மாதிரிதான் இருக்கும், ஆனா பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7 நடுநிலை, அதுக்கு மேல காரம்) 12க்கு மேல, கண்ணுல பட்டா ஆபத்து, அதனால பெரியவங்க பக்கத்துல இருக்கணும்.

மெடிக்கல்ல ஊசி இல்லாம 5 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கோங்க. சுண்ணாம்புத் தண்ணி 20 மில்லி கண்ணாடி கிளாஸ்ல விட்டு ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டா சிவந்துரும், அதான் ஆரத்தி. வடிகட்டின எலுமிச்சை சாறு 1 பங்குக்கு தண்ணி 9 பங்கு, நேரடியா சாற விட்டா ரெண்டே பீச்சுல கத முடிஞ்சிரும், அளக்க ஒண்ணும் இருக்காது.

சிரிஞ்ச கழுவிட்டு இந்த சாற சொட்டு சொட்டா விட்டு கிளாஸ சுத்திட்டே இருங்க. விழுற எடம் மட்டும் மஞ்சளாகி, சுத்துனதும் மறுபடி சிவக்கும். மஞ்சள் மறைய லேட்டாகுதுன்னா நெருங்கிட்டோம்னு அர்த்தம், இனி ஒவ்வொரு சொட்டா தான், திடீர்னு ஒரே சொட்டுல மொத்தமும் மஞ்சளாயிரும். ஏன் திடீர்னு? பிஹெச்ல ஒரு படி எறங்குனாலே காரம் பத்துல ஒண்ணா கொறஞ்சிருச்சுன்னு கணக்கு, 11ல இருந்து 8க்கு வரும்போது மிச்சம் இருக்குறது ஆயிரத்துல ஒண்ணுதான், அதுக்கு எத்தன சொட்டு வேணும் சொல்லுங்க!

மஞ்சளானது கொஞ்ச நேரத்துல திரும்ப செவந்தா கரையாத சுண்ணாம்பு உள்ள வந்திருச்சு, அது மெதுவா கரைஞ்சுட்டே இருக்கு, கொட்டிட்டு புதுசா ஆரம்பிங்க. மஞ்சளாக எத்தன மில்லி சாறு ஆச்சுங்கிறதுதான் ரீடிங், ரெண்டு தடவ ஒரே அளவு வந்தாதான் அத நம்பலாம்.

அடுத்து வினிகரையும் இதே மாதிரி தண்ணி கலந்து பண்ணுங்க, எது அதிக மில்லி கேக்குதோ அதுல அமிலம் கம்மி. பாத்ரூம் ஆசிட் பக்கம் மட்டும் போகாதீங்க, பிளீச்சிங்கோட சேந்தா குளோரின் வாயு வரும்.

மஞ்சளுக்கு ஒரு கொற, பச்சத்தண்ணிலயும் எலுமிச்சைலயும் ஒரே கலர்தான் காட்டும். அதுக்கு நீல சங்குப்பூவ வெந்நீர்ல போட்டு எடுத்துக்கோங்க: எலுமிச்சைக்கு ஊதா, ரோஸ், சுண்ணாம்புத் தண்ணிக்கு பச்சை.