பணக்கார நாடு, ஏழை நாடு என்று மட்டும் பார்க்காதீர்கள்

உலகமயமாக்கல் என்று பேச்செடுத்தாலே “பணக்கார நாடு சுரண்டுது, ஏழை நாடு ஏமாறுது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம், இல்லையென்றால் தொழிற்சாலை வந்தால் எல்லாருக்கும் விடிவுகாலம் என்கிறோம். இரண்டும் தவறு. நாடு என்பது ஒரே ஆள் இல்லை, லாபமும் நட்டமும் ஒரே ஊருக்குள்ளேயே வெவ்வேறு வீட்டில் போய் விழும்.

நம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தையே பாருங்கள். 1969-இல் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்து பறிபோனபோது வேலையில்லாத் திண்டாட்டம் பெரிதாக இருந்தது. 1972-இல் இன்டெல் இங்கே ஆலை போட்டது, மற்ற கம்பெனிகளும் அங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்தன, கம்பத்து (கிராமத்து) பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறி மாதச் சம்பளம் வாங்கினார்கள். அதைச் சின்ன விஷயம் என்று தள்ளக்கூடாது. ஆனால் ஏற்றுமதித் தொகை முழுவதும் நம் வருமானம் என்று நினைப்பதும் தப்பு. சிப்பின் வடிவமைப்பும் காப்புரிமையும் வெளிநாட்டில் இருந்தால், பொருத்திச் சோதித்து அனுப்புகிற ஊரில் தங்குவது ஒரு பங்குதான். 2001-இல் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்த பிறகு வேலை போன அமெரிக்க மேசை நாற்காலித் தொழிலாளியும் ‘பணக்கார நாட்டுக்காரர்’தான், அவருக்கு என்ன லாபம்?

இது ஏதோ நேற்று வந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. பிரேசில் விதை, பிரிட்டிஷ் முதலீடு, கங்காணி (ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர்) கூட்டிவந்த தமிழ் உழைப்பு, அமெரிக்கக் கார் டயர்: நம் தாத்தா பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) சீவியதே உலகச் சந்தைக்குத்தான். லண்டனில் ரப்பர் விலை விழுந்தால் இங்கே கூலி குறைந்தது. பிறகு தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் ஆனபோது, தலைமுறையாக லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் சொந்த நிலமில்லாமல் வெளியேறின.

பொருள் வர்த்தகத்தையும் ஓடிவந்து ஓடிப்போகும் பணத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 1997 ஜூலையில் தாய்லாந்து நாணயமான பாட் சரிந்ததும், டாலருக்கு சுமார் 2.50 ஆக இருந்த நம் ரிங்கிட்டும் மதிப்பிழந்து ஆறே மாதத்தில் 4.80-ஐத் தாண்டியது. நம் ஆலைகளில் எதுவும் இடிந்து விழவில்லை, பணம்தான் ஓடியது. 1998 செப்டம்பரில் அரசாங்கம் மூலதனக் கட்டுப்பாடு (பணம் வெளியே போவதற்குத் தடை) போட்டு டாலருக்கு 3.80 என்று நிறுத்தியது, ஆனால் கதவை முழுசாகச் சாத்தவில்லை: ஏற்றுமதியும் தொழிற்சாலை முதலீடும் தொடர்ந்தன.

அப்புறம், சம்பளம் ஏறாததற்கு இங்கே வேலைக்கு வந்த வங்காளதேசிகளையும் நேப்பாளிகளையும் திட்டுவது இன்னொரு தவறு. திட்டுவதற்கு முன் அவர்களில் ஒருவரிடம், ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய், பாஸ்போர்ட் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.