ஒரே வீட்டை மூணு போர்ஷனா பிரிச்சு தனி மீட்டர் போடும்போது செய்யக்கூடாத தப்புகள்

தனி வீடா இருந்ததை தடுத்து மூணு குடித்தனம் வைக்கிறவங்க எலக்ட்ரீஷியன்கிட்ட முதல்ல கேக்குறது, இருக்குற சர்வீஸ் வயரே தாங்கும்ல, மீட்டர் மட்டும் தனித்தனியா மாட்டிக்கலாம்லங்கறதுதான். அதே சதுர அடி, அதே ரூமுங்க, லோடு மட்டும் எப்படி கூடும்னு ஒரு நினைப்பு. ஆனா ஒரு கிச்சன் இருந்த இடத்துல இப்ப மூணு கிச்சன் வருது, கீஸர் மூணு, வாஷிங் மெஷின் மூணு, ஃபிரிட்ஜ் மூணு. லோடு கணக்கு போடும்போது சதுர அடிய விட அடுப்பையும் பாத்ரூமையும் எண்ணுறதுதான் சரியா வரும்.

அடுத்தது பழைய கரண்ட் பில்லை எடுத்து வச்சுகிட்டு கணக்கு போடுறது. மாசம் 300 யூனிட் தான் ஓடுது, கொஞ்சம்தானேன்னு தோணும். 300 யூனிட்டை மாசத்துக்கு 720 மணி நேரம்னு வகுத்தா 0.42 கிலோவாட் வரும், 230 வோல்ட்ல 2 ஆம்ப் கூட முழுசா இல்ல. அதே வீட்டுல காலைல கீஸரும் இண்டக்ஷன் அடுப்பும் சேந்து ஓடுற அரை மணி நேரத்துல 20 ஆம்ப்புக்கு மேல இழுக்கும். வயர் சூடாகுறது அந்த அரை மணி நேரத்துலதான், பில்லுல அது தெரியவே தெரியாது.

இதுக்கு நேர் எதிரா, இருக்குற எல்லா பொருளோட வாட்ஸையும் அப்படியே கூட்டுறவங்களும் இருக்காங்க. ஒரு போர்ஷனை எடுத்துக்கங்க: ஏசி ரெண்டு 3.4 கிலோவாட், கீஸர் 3, இண்டக்ஷன் 2, ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின் 2, மைக்ரோவேவ் 1.2, அயர்ன் பாக்ஸ் 1, லைட்டு ஃபேன் ஃபிரிட்ஜ் டிவி எல்லாம் சேத்து ஒரு 1. கூட்டினா 13.6 கிலோவாட், கிட்டத்தட்ட 59 ஆம்ப். நிஜத்துல எல்லாமே ஒரே நிமிஷத்துல ஓடாது, கீஸர், இண்டக்ஷன், ஒரு ஏசி, மத்த சில்லறை லோடு எல்லாம் சேந்து 7.7 கிலோவாட், அதாவது 33 ஆம்ப் சுமார். அப்போ அந்த போர்ஷனுக்கு 40 ஆம்ப் மெயின் நியாயமா இருக்கும். இந்த கழிவுக்கு டைவர்சிட்டின்னு பேரு, எவ்வளவு கழிக்கலாம்ங்கறது அந்தந்த ஊர் விதியிலயே இருக்கும், மனசுல தோணுனத கழிக்கக் கூடாது.

எனக்கு தெரிஞ்சு ரொம்ப பேரு கோட்டை விடுற இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. மூணு போர்ஷன், எல்லாத்தையும் சிங்கிள் ஃபேஸ்லயே வச்சா உச்சத்துல 100 ஆம்ப் கிட்ட போயிடும், அதனால த்ரீ ஃபேஸ் எடுத்து போர்ஷனுக்கு ஒரு ஃபேஸ்னு பிரிச்சு விடுவாங்க, அது சரிதான். ஆனா அப்பவும் "மூணு வீடும் ஒரே நேரத்துல முழு லோடு இழுக்காதுல்ல" ன்னு சொல்லி மெயின் கேபிளை சின்னதா எடுப்பாங்க. யோசிச்சு பாருங்க, ஒவ்வொரு ஃபேஸ்லயும் இருக்கிறது ஒரே ஒரு வீடு. பக்கத்து வீட்டுக்காரர் ஊர்ல இல்லாததால உங்க ஃபேஸ் வயருக்கு ஒரு ஆம்ப் கூட குறையாது. வீடுகளுக்கு நடுவுல கிடைக்கிற டைவர்சிட்டி ஒரே ஃபேஸ்ல பல வீடு இருந்தாத்தான் வேலை செய்யும், இங்க அது கிடையாது. மோட்டார், மாடிப்படி லைட்டு மாதிரி பொது லோடு எந்த ஃபேஸ்ல ஏறுதோ அந்த ஃபேஸுக்கு அதையும் சேத்து கணக்கு பாக்கணும்.

நியூட்ரலும் அதே கதைதான். மூணு ஃபேஸும் சமமா இருந்தா நியூட்ரல்ல கரண்ட் வராதுன்னு படிச்சதை வச்சுகிட்டு பாதி சைஸ்ல நியூட்ரல் போடுறது பெரிய தப்பு. ஒரு வீட்டுல மட்டும் ஆள் இருந்தா அந்த வீட்டோட முழு கரண்டும் நியூட்ரல் வழியாத்தான் திரும்பும். இதுல எல்இடி, கம்ப்யூட்டர் மாதிரி பொருள்ல வர்ற ஹார்மோனிக்ஸ் (கரண்ட் அலையோட வடிவம் கெடுறதால வர்ற கூடுதல் கரண்ட்) வேற, அது சமமா இருந்தாலும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்காம நியூட்ரல்ல கூடிகிட்டே போகும். ஃபேஸ் எவ்ளோ கனமோ நியூட்ரலும் அவ்ளோ.

அந்த பொது நியூட்ரலோட முனை மெயின் போர்டுல லூஸா இருந்தா என்ன ஆகும்னு ஒரு சின்ன கணக்கு. ஒரு வீட்டுல 2000 வாட் ஹீட்டர் ஓடுது, இன்னொரு வீட்டுல 100 வாட்டுக்கு சில்லறை லோடு, மூணாவது வீடு பூட்டியிருக்கு. நியூட்ரல் விட்டுப் போன உடனே இந்த ரெண்டு வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவுல சீரீஸ்ல மாட்டிக்கும், 100 வாட் ஓடுற வீட்டுக்கு கிட்டத்தட்ட 380 வோல்ட் போயிடும். ஃபிரிட்ஜ், டிவி, சார்ஜர் எல்லாம் காலி. அதனால அந்த ஒரு ஸ்க்ரூவுல கஞ்சத்தனம் வேண்டாம், சரியான லக் (வயர் முனையில மாட்டுற உலோகக் கொண்டை) போட்டு சரியான இறுக்கத்துல முறுக்கச் சொல்லுங்க, ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பும் வீட்டுக்கு ஒண்ணு வச்சுட்டா நிம்மதி.

பழைய வயரிங்க அப்படியே விட்டுட்டு மீட்டரை மட்டும் பிரிக்கிற கேஸ்ல இன்னொரு தொல்லை இருக்கு. கீழ் வீட்டு ஹால் சர்க்யூட்லேர்ந்து மேல் வீட்டு ரூமுக்கு ஒரு பாயின்ட் போயிருக்கும், இல்ல ஃபேஸ் ஒரு மீட்டர்லேர்ந்தும் நியூட்ரல் இன்னொரு மீட்டர்லேர்ந்தும் வந்திருக்கும். முதல் வகைல ஒருத்தர் கரண்டுக்கு இன்னொருத்தர் காசு கட்டுவாரு, சண்டை நிச்சயம். ரெண்டாவது வகைல லைட்டை போட்ட உடனே ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற சுவிட்ச், ட்ரிப் ஆகும், உடனே யாராவது "இது ஃபால்ட்டு பீஸு" ன்னு ஆர்சிசிபியையே கழட்டிடுவாங்க, அதைவிட மோசம் வேற இல்ல. தன் வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலை செய்றவருக்கு அடுத்த வீட்டு கரண்ட் நியூட்ரல்ல வந்து அடிக்கும். குடி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மீட்டரை மட்டும் ஆன்ல வச்சு மத்ததை ஆஃப் பண்ணி, எல்லா ரூம்லயும் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டையும் டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் அடுத்த மீட்டர். கூடவே ஃபேஸையும் நியூட்ரலையும் சேத்து ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்தி மாட்டி கரண்ட் அளக்குற கருவி) போட்டு பாத்தா, இப்படி அடுத்த மீட்டர்லேர்ந்து வந்த திருட்டு நியூட்ரல் மாட்டிக்கும், சரியா இருந்தா கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும். போர்டை திறக்கிற வேலை லைசென்ஸ் உள்ளவரோடது, நீங்க பக்கத்துல நின்னு பாருங்க போதும்.

பொது லோடுக்கு தனி மீட்டர் போடாம யாரோ ஒருத்தர் மீட்டர்ல மோட்டாரை மாட்டி, மாசா மாசம் கழிச்சுக்கலாம்னு வாய்ப்பேச்சுல விடுறதை பத்தி சொல்லவே வேணாம், ரெண்டாவது மாசமே அது நிக்காது.

கேபிள் கனத்துல தூரத்தை மறந்துடுறாங்க. மீட்டர் போர்டு கேட்டுகிட்ட, வீடு பின்பக்கம், 30 மீட்டர் ஓட்டம், 32 ஆம்ப்னு வைங்க. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர்ல சுமார் 9 வோல்ட் வழியிலயே போயிடும், வயர் சூடானா இன்னும் கூட, 10 ஸ்கொயர் எம்எம்னா மூணரை வோல்ட்டோட முடிஞ்சுது. அதுபோக, மூணு வீட்டு கேபிளையும் ஒரே பைப்ல திணிச்சா சூடு வெளிய போகாது, அப்போ ஒவ்வொண்ணும் தாங்குற ஆம்ப் சுமார் 70 சதவீதமாத்தான் எடுத்துக்கணும், நாலுன்னா 65. கடைக்காரர் சொல்ற ஆம்ப் தனியா ஓடுற கேபிளுக்கு.

மெயின்ல ஒரு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி மட்டும் வச்சு முடிச்சுடாதீங்க, ஒரு வீட்டு கீஸர்ல கரண்ட் லீக் ஆனா மூணு வீடும் இருட்டாயிடும். வீட்டுக்கு ஒண்ணு 30 மில்லி ஆம்ப், மெயின்ல வைக்கிறதா இருந்தா 100 இல்ல 300ல லேட்டா ட்ரிப் ஆகுற எஸ் டைப். ஒவ்வொரு குடித்தனக்காரருக்கும் அவங்க எம்சிபிய (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) பூட்டு இல்லாம தொட முடியணும், ஓனர் ரூம்குள்ள போர்டு இருந்தா ராத்திரி ட்ரிப் ஆகும்போது கதவை தட்டிகிட்டே நிக்கணும்.

கடைசியா கார் சார்ஜர். 7.4 கிலோவாட் சார்ஜர் ஒண்ணே 32 ஆம்ப், அதுவும் மணிக்கணக்கா விடாம ஓடும், கீஸர் மாதிரி பத்து நிமிஷத்துல ஆஃப் ஆகாது, அதனால டைவர்சிட்டி கழிவு இதுக்கு எடுக்காம முழுசா சேத்துக்கங்க. இப்ப யார்கிட்டயும் கார் இல்லாட்டியும் போர்டுல ஒரு மீட்டருக்கு இடமும், மண்ணுக்கடியில ஒரு சைஸ் பெரிய பைப்பும் விட்டு வைங்க, தரைய திரும்ப தோண்டுறதுதான் இதுல அதிக செலவு.