பண்டிகை தேதி முன்னாடியே தெரியும், அப்புறம் ஏன் கடைசி நேரத்துல காசுக்கு அலையுறோம்?

பண்டிகை என்னைக்கு வருதுன்னு காலண்டர் அச்சடிக்கும்போதே தெரிஞ்சுடுது. ஆனா நாம என்னவோ திடீர்னு வாசல்ல வந்து நின்ன விருந்தாளி மாதிரி அதைப் பார்த்து முழிக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், ரெண்டு மூணு வருஷம் நல்லா அடி வாங்கின அப்புறம்தான் என் பிரச்சனை காசு பத்தாததே இல்ல, இன்னும் கைக்கு வராத காசை வந்துட்டதா நினைச்சு கணக்கு போடுறதுதான்னு புரிஞ்சது. கீழ சொல்ற தப்புல முக்கால்வாசி நானே பண்ணது.

முதல்ல சேமிப்பு. மொத்தச் செலவை 100 பங்குன்னு வச்சுக்கோங்க, 10 மாசம் முன்னாடி ஆரம்பிச்சா மாசம் 10 பங்கு எடுத்து வச்சா போதும், அதையே கடைசி 2 மாசத்துல ஆரம்பிச்சா மாசம் 50. சம்பளம் அதேதான், வாடகை அதேதான், அந்த 50 எங்கிருந்து வரும்? சிம்பிள் கணக்குதான், ஆனா யாரும் போட்டுப் பார்க்கிறதில்ல. இதுல இன்னொரு கூத்து, அந்த 100 பங்குங்கிறதையே நாம குறைச்சுதான் போடுறோம், துணி, கிஃப்ட் ரெண்டையும் எழுதிட்டு லிஸ்ட் முடிஞ்சுதுன்னு பேனாவை மூடிடுறோம். ஊருக்குப் போற டிக்கெட், பார்சல் சார்ஜ், வர்றவங்களுக்கு சாப்பாடு, கடைசி நாள் ஞாபகம் வந்து வாங்குற கிஃப்ட், இதெல்லாம் எந்த லிஸ்ட்லயும் இருக்காது ஆனா பில்லுல கண்டிப்பா இருக்கும்.

அடுத்து, சேர்க்கிற காசை செலவு பண்ற அக்கவுண்ட்லயே வைக்கிறது. பேலன்ஸ்ல பெரிய நம்பர் தெரிஞ்சா மனசு அதை பண்டிகைக் காசா பார்க்காது, இருக்கிற காசாத்தான் பார்க்கும். இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லங்க, அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல கார்லைல்ங்கிற ஊர்ல ஒரு பேங்க் 1909லயே கிறிஸ்துமஸ் கிளப்னு ஒரு சேமிப்பு ஆரம்பிச்சுது, வருஷம் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கட்டிட்டு வந்து பண்டிகை சமயத்துல மொத்தமா வாங்கிக்கிறது. அந்த மாதிரி கணக்குல நடுவுல எடுக்கிறது லேசுல முடியாதுங்கிறதுதான் விஷயமே. இன்னைக்கு அதுக்கு தனியா ஸ்கீம்லாம் தேட வேண்டாம், கார்டு இல்லாத இன்னொரு சேவிங்ஸ் அக்கவுண்ட், சம்பளம் வந்த மறுநாளே தானா அங்க போற மாதிரி ஒரு செட்டிங், அவ்வளவுதான்.

ஆனா "எங்ககிட்ட மாசாமாசம் கட்டுங்க, பண்டிகைக்கு பொருளா தர்றோம்"னு யாராவது சொன்னா கொஞ்சம் நின்னு யோசிங்க. பிரிட்டன்ல ஃபேர்பேக்னு ஒரு கம்பெனி இருந்துது, ஜனங்க வருஷம் பூரா கிறிஸ்துமஸ் பொருளுக்காக அங்க காசு கட்டிட்டு வந்தாங்க, 2006 அக்டோபர்ல, பண்டிகைக்கு ரெண்டே மாசம் இருக்கும்போது கம்பெனி திவால். அது பேங்க் டெபாசிட் இல்லங்கிறதால டெபாசிட்டுக்கு உள்ள பாதுகாப்பும் இல்ல, கட்டினவங்களுக்கு பல வருஷம் கழிச்சு ஒரு பகுதிதான் திரும்பி வந்துது. அதனால யார்கிட்ட கட்டுறோம், அவங்க மூழ்கினா நம்ம காசுக்கு யார் பொறுப்பு, இதை மட்டும் கேட்டுடுங்க, கிடைக்கிற சலுகை அப்புறம்.

இப்போ எக்ஸ்ட்ரா காசு விஷயத்துக்கு வர்றேன், பெரிய தப்பெல்லாம் இங்கதான் நடக்குது.

போனஸ் வரும்னு நம்பி முன்னாடியே வாங்கிடுறது. போனஸ் லேட்டாகலாம், குறையலாம், வரி பிடிச்சுட்டு வரலாம், இதை எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பண்ணுவோம். ஏன்னா ரிச்சர்ட் தேலர்னு ஒரு பொருளாதார நிபுணர் (2017ல நோபல் வாங்கினவர்) சொன்ன மாதிரி மனசுக்குள்ள காசுக்கு தனித்தனி டப்பா வச்சிருக்கோம், சம்பளக் காசுன்னா எண்ணி எண்ணி செலவு, போனஸ்னா ஏதோ கீழ கிடந்து எடுத்த மாதிரி. ரெண்டும் நாம உழைச்ச காசுதாங்க.

சைடு வேலை பார்க்கிறவங்க மொத்த வரவை மட்டும் பார்க்கிறாங்க. டெலிவரி ஓட்டினா பெட்ரோல், வண்டித் தேய்மானம், ஆன்லைன்ல வித்தா கமிஷன், பேக்கிங், ரிட்டர்ன் வந்த சரக்கு. எல்லாம் கழிச்சுட்டு, மிச்சத்தை வேலை பார்த்த நேரத்தால வகுத்துப் பாருங்க, சில வேலைக்கு வீட்ல தூங்கியிருக்கலாம்னு தோணும். அதோட விக்கிற தளங்கள்ல காசு உடனே கைக்கு வராது, வாங்கினவர் ரிட்டர்ன் பண்ற கெடு முடிஞ்ச அப்புறம்தான் பல இடத்துல விடுவாங்க, அதாவது பண்டிகை வாரத்துல வித்தது பண்டிகை முடிஞ்சுதான் வரும்.

பழைய பொருளை விக்கிறதுலயும் அதே டைமிங் பிரச்சனை. நான் ஒரு பழைய லேப்டாப்பை பண்டிகைக்கு நாலு நாள் முன்னாடி விக்கப் போட்டேன், அவசரம்னு மோப்பம் பிடிச்சுட்டாங்க போல, பேசிப் பேசி பாதி விலைக்கு எடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே போட்டிருந்தா "முடியாது சார்"னு சொல்ற தெம்பு இருந்திருக்கும். போன் விக்கிறவங்க கவனிங்க, ரீசெட் பண்றதுக்கு முன்னாடி உங்க கூகுள் இல்லன்னா ஆப்பிள் அக்கவுண்ட்ல இருந்து வெளிய வந்துடுங்க, இல்லன்னா வாங்கினவருக்கு போன் லாக் ஆகி நின்னுட வாய்ப்பிருக்கு, சண்டை உங்க வீட்டுக்கு வரும். காசு அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னு யாராவது சொன்னா போனை வச்சுடுங்க, பின் போடுறது காசு கொடுக்கத்தான், வாங்க இல்ல. வீடியோவுக்கு லைக் போட்டா காசுங்கிற வேலையும் இந்த சீசன்ல நிறைய வரும், முதல்ல சில்லறை நிஜமாவே போடுவாங்க, அப்புறம் பெரிய வேலை எடுக்க டெபாசிட் கட்டுங்கம்பாங்க, அதோட ஆள் காணாம போயிடுவாங்க.

இதெல்லாம் சரிவரலன்னா கடைசியா கை போறது கிரெடிட் கார்டுக்கு. மாசம் 3 சதவீதம்தானேன்னு தோணும், வட்டிக்கு வட்டி சேர்ந்தா அது வருஷத்துக்கு 36 இல்ல, கிட்டத்தட்ட 42.6. பில்லுல காட்டுற மினிமம் தொகையை மட்டும் கட்டுறதுன்னா இன்னும் மோசம், மினிமம் 5 சதவீதம்னு வச்சா அதுல 3 வட்டிக்கே போயிடும், அசல்ல குறையறது வெறும் 2. அது மட்டுமில்ல, பாக்கி வச்சா பொதுவா புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடைக்காது, வாங்கின அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும். கார்டு கையில இருந்தாலே நாம தாராளமா ஆயிடுறோம்ங்கிறதுக்கும் ஆதாரம் இருக்கு, அமெரிக்காவுல எம்ஐடிங்கிற யுனிவர்சிட்டில ரெண்டு பேராசிரியர்கள் 2001ல வெளியிட்ட ஆராய்ச்சில, ஒரு பாஸ்கெட்பால் மேட்ச் டிக்கெட்டுக்கு ஏலம் கேட்க வச்சாங்க, கார்டுல கட்டலாம்னு சொல்லப்பட்டவங்க, ரொக்கமா கட்டணும்னு சொல்லப்பட்டவங்களைவிட ரெண்டு மடங்கு அளவுக்கு கேட்டாங்களாம்.

தள்ளுபடியைப் பத்தி ரொம்ப சொல்லப் போறதில்ல. 20 சதவீதம் போக மேல 10 சதவீதம்னா அது 30 இல்ல, 28. வட்டியில்லா இஎம்ஐன்னா ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கா, ரொக்கமா கொடுத்தா விலை குறையுமான்னு பாருங்க. வீட்ல ட்ராயர்ல கிடக்கிற கிஃப்ட் கார்டு, எக்ஸ்பயரி ஆகப்போற ரிவார்டு பாயிண்ட் இதையெல்லாம் முதல்ல காலி பண்ணுங்க, அது ஏற்கனவே உங்க காசு.

பண்டிகை முடிஞ்ச அந்த வாரமே, மறக்கிறதுக்கு முன்னாடி, நிஜமா என்னென்ன செலவாச்சுன்னு போன்ல ஒரு நோட்ல எழுதி வச்சுடுங்க, அடுத்த வருஷ பட்ஜெட் அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். என் நோட்ல முதல் வரி "பேட்டரி செல்". பொம்மை வாங்கினேன், செல் வாங்கல, அன்னைக்கு ராத்திரி எந்தக் கடை திறந்திருக்கும்னு தெருத்தெருவா தேடினேன்.